கள்ளச்சாவி

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவன் காசிமாயன். என் பெண்சாதியோடு கூடப் பிறந்த தம்பி. நீங்கள் வழி கேட்டீர்களே, அந்த வைத்தியன் இரண்டாவதுதான். வரிசையை மாற்றிச் சொன்னால் எனக்குப் பிடிக்காது.

அதோ, எதிரே பச்சைக் கேட்டு. மேலே மண்பானைப் படம் போட்டிருக்கிறதே, அதுதான் அவன் இடம். ஞாயிற்றுக்கிழமையில் வெயில் ஏறின பிறகுதான் திறப்பான். அதுவரைக்கும் இந்தப் பெஞ்சில் உட்காருங்கள் தம்பி. ஆட்டோவில் இருப்பது உங்கள் சம்சாரம்தானே? கழுத்தில் துண்டைச் சுற்றியிருக்கிறதைப் பார்த்தேன். இந்த வெக்கையில் கழுத்தை மூடுகிற பொம்பிளையைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். தைராய்டு. என் வீட்டிலும் அதுதான்.

டீ குடியுங்கள். கண்ணாடி கிளாஸில்தான் தருவார்கள். முன்னே பிளாஸ்டிக் கப்பு வைத்திருந்தார்கள். எதிர்வீட்டுக்காரன் சொல்லி அதை எடுக்க வைத்தான். சூட்டில் பிளாஸ்டிக் உருகி உள்ளே போகிறதாம். இந்தத் தெருவே அவன் வாயைப் பார்த்துத்தான் நடக்கிறது.

என் பேர் வீரணன். திராட்சைத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறவன். அடித்தவன் என்று சொல்லவேண்டும், இப்போது விட்டாயிற்று. நீங்கள் வெளியூர், அதனால் ஒன்று சொல்லி வைக்கிறேன். கம்பம் பக்கத்தில் மருந்து என்றால் அதுதான். காய்ச்சலுக்கு முழுங்குவது மாத்திரை, கொடிக்கு அடிப்பது மருந்து. முன்னே எங்கள் ஊரில் வந்து மருந்துக்காரர் வீடு எது என்று கேட்டால் ஒருத்தரும் டாக்டர் வீட்டைக் காட்டமாட்டார்கள். என் வீட்டைத்தான் காட்டுவார்கள். அப்படிப் பேர் வாங்கினவன்.

நெல்லுக்கு அடிக்கிறவன் கீழே பார்த்து அடிப்பான். திராட்சைக்காரன் அண்ணாந்து அடிக்க வேண்டும். பந்தல் தலைக்கு மேலே இருக்கிறது. அடிப்பதில் பாதி கொடிக்கு, பாதி நமக்கு. மழைக்காலத்தில் சாம்பல் நோய் விழுந்துவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் அடிக்கச் சொல்வார்கள். மயில்துத்தம் அடித்த அன்றைக்குச் சட்டையெல்லாம் நீலமாகிவிடும், தலைமயிர்கூட. அந்தச் சட்டையை அப்படியே கழற்றித் தொட்டியடியில் போட்டுவிட்டு நான் குளிக்கப் போவேன். பவுன்தாய் துவைப்பாள். பவுன்தாய் என் பெண்சாதி. கட்டிக்கொண்டு வந்த நாளில் இருந்து என் சட்டையில் வேறு ஒருத்தர் கை பட்டதில்லை. அவ்வளவு பிரியமாக இருந்தவள். அதைத்தான் இந்த இரண்டு பேரும் கெடுத்தார்கள்.

பிள்ளை? இல்லை. தங்கவில்லை. மூன்று தடவை வந்து போனது. அதற்கப்புறம் வரவே இல்லை. எங்கள் அம்மா ஒரு மாதிரி வாய்க்காரி, அப்போது இருந்தது. பாறையில் போட்ட விதை என்று பவுன்தாயைச் சொல்லும். யார் வீட்டிலாவது வளைகாப்பு என்றால், "நீ அடுப்படியில இருடி, முன்னால வந்து நிக்காத" என்று எல்லார் முன்னாலும் சொல்லும். நான் அந்த விஷயத்தில் அவளை ஒரு சொல் சொன்னது கிடையாது. கோயிலில் வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன். அம்மாவையும் ஒன்றும் சொல்லவில்லை. வயசான மனுஷி என்னவோ பேசுகிறது, வார்த்தைதானே, காற்றில் போகிறது. பவுன்தாயும் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாளே?

அது கிடக்கட்டும். அம்மாவும் போய்ச் சேர்ந்து, எங்களுக்கும் தலை நரைத்து, இனிமேல் என்ன என்று இருந்த நேரத்தில் அவளுக்குத் தொண்டை தடித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தைராய்டு என்றார்கள். சுரப்பி வேலை செய்யவில்லையாம். ஒரு பொட்டு மாத்திரை. விடிந்ததும் வெறும் வயிற்றில் போடவேண்டும், ஆயுசுக்கும் போடவேண்டும் என்றார்கள். ஆயுசுக்கும் என்றதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கொடிக்குக்கூட நோய் போனால் மருந்தை நிறுத்திவிடுகிறோம். இது என்ன கணக்கு?

அதைவிட ஒன்று. மாத்திரை போட்டால் உடனே காப்பி குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு விடிந்தவுடன் காப்பி வேண்டும், பக்கத்தில் அவளும் உட்கார்ந்து குடிக்க வேண்டும். கல்யாணமான நாளில் இருந்து அப்படித்தான். இப்போது நான் மட்டும் குடிக்கிறேன், அவள் சும்மா உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாய்க்கு விளங்கவில்லை தம்பி. அந்த மாத்திரை மேல் அப்போதே எனக்கு ஒரு கடுப்பு.

அந்த நேரம் பார்த்துத்தான் காசிமாயன் வந்தான். அவன் குட்டியானை வண்டி ஓட்டுகிறான், திராட்சைப் பெட்டி ஏற்றுகிறவன். "மாமா, கம்பத்துல ஒருத்தர் இருக்காரு. தைராய்டுக்கு இயற்கை வைத்தியம். மண்டபத்துல கூட்டம் போடுறாரு. அக்காவைக் கூட்டிட்டு வாங்க, நாஞ் சொல்றேன்ல" என்றான். நானும் சரி என்றேன். மாத்திரை இல்லாமல் சரியாகும் என்றால் நல்லதுதானே?

மண்டபத்துக்குள் போய் மேடையைப் பார்த்தால், தம்பி, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஆளை எனக்குத் தெரியும். இப்போது பேர் இளம்பரிதியாம். கதர் வேட்டி, தாடி. முன்னே ரமேஷ்பாபு. மருந்துக் கம்பெனிக்கு ஆர்டர் எடுக்கிறவன். பைக்கில் தோட்டம் தோட்டமாக வந்து, "அண்ணே, இதை அடிங்க, கொடி கருகருன்னு வரும்" என்று கைகுவித்துக் கேட்பான். ஹார்மோன் என்ற வார்த்தையையே எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். விதையில்லாத் திராட்சையில் பிஞ்சுக் குலையை ஹார்மோன் தண்ணியில் முக்கி எடுத்தால் காய் பெருக்கும். நான் முக்கின குலை மாதிரி யாரும் முக்க முடியாது என்று அவனே சொல்லியிருக்கிறான். கம்பெனி பேர் போட்ட மஞ்சள் சட்டை ஒன்றும் கொடுத்தான், அடிக்கும்போது போட்டுக்கொள்ளச் சொல்லி. கிழிகிற வரைக்கும் போட்டேன்.

அவன் மேடையில் என்ன சொல்கிறான்? "நான் பாவி. இத்தனை வருஷம் விஷம் வித்தவன். எங்கம்மா தொண்டையில கழலை வந்தப்பதான் எனக்குக் கண் தெறந்துச்சு" என்று கண்ணைத் துடைக்கிறான். மண்டபமே கை தட்டுகிறது. விற்றவன் பாவி என்று தானே சொல்லிக்கொண்டால் கை தட்டுவார்கள். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பூட்டு சாவி என்று ஒன்று சொன்னான். உள்ளே போனால் உங்களுக்கும் அதையேதான் சொல்வான். உடம்புக்குள்ளே ஆயிரம் பூட்டு இருக்கிறதாம். சுரப்பியில் இருந்து வருகிற நீர்தான் சாவியாம். அது போய்த் திறந்தால்தான் உடம்பு நடக்கும். இந்தப் பிளாஸ்டிக்கில் வருகிறது, பவுடரில் வருகிறது, ஒட்டாத தோசைக்கல்லில் வருகிறது, பயிருக்கு அடிக்கிற மருந்தில் வருகிறது, இதெல்லாம் கள்ளச்சாவி. நிஜச் சாவி மாதிரியே வந்து பூட்டுக்குள் நுழைந்துகொள்ளும். திறக்கவும் திறக்காது, வெளியேயும் வராது. நிஜச் சாவி வந்து வாசலில் நிற்கும், உள்ளே போக இடம் இருக்காது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு வரப்போவது தெரியாமல்.

யாராவது தைராய்டுக்காரர்கள் இருந்தால் எழுந்து பேசுங்கள் என்றான். பவுன்தாய் எழுந்திருக்கிற ஆளே இல்லை. காசிமாயன்தான் முதுகில் கை வைத்துத் தள்ளினான். "எந்திரிச்சுச் சொல்லுக்கா. வெக்கப்பட்டா எப்பிடி?"

எழுந்து நின்றாள். அவன் கேட்டான், "வீட்டுக்காரரு என்ன வேலை பாக்குறாருங்கம்மா?"

"திராட்சைக்கு மருந்து அடிக்கிறாரு."

"அடிச்சிட்டு வந்த சட்டையை யாரு தொவைக்கிறது?"

"நாந்தேன்."

"கையில ஏதும் உறை போட்டுக்குவீங்களா?"

"கைக்கு எதுக்குங்கய்யா உறை? சோப்பைப் போட்டுக் கசக்குறதுதேன்."

அவன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். "பாத்தீங்களா? நாம கள்ளச்சாவியைக் கடையில தேடுறோம், டப்பாவுல தேடுறோம். இந்தம்மா வீட்டுக்கு அது சட்டையிலயே வந்திருக்கு. தினம் வந்திருக்கு" என்றான். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அன்றைக்கு வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தேன். இருந்தும் அந்தச் சட்டையைப் பார்த்தார்கள்.

சரி, அதோடு உட்கார்ந்திருக்கலாம் இல்லையா? உட்காரவில்லை. இவ்வளவு வருஷத்தில் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், நின்றுகொண்டே கேட்டாள்.

"அப்ப, தங்காமப் போனதுகளுக்கும் அதுதானாங்கய்யா?"

அந்த ரமேஷ்பாபு கண்ணாடியைக் கழற்றினான். "இருக்கலாம்மா" என்றான்.

அவள் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். அழவில்லை. என்னவோ பெரிய சுமையை இறக்கி வைத்த மாதிரி மூச்சு விட்டாள். அவமானம், வேறென்ன? எனக்கு நேர்ந்த அவமானம் அவளுக்கும்தானே.

அப்போதுதான் காசிமாயன் வாயைத் திறந்தான். "அப்ப எங்க மாமாதேன் கள்ளச்சாவியா?" என்று. வேடிக்கைக்குச் சொன்னானாம். மண்டபமே சிரித்தது. பெட்டிக்காரன், கூடை தூக்குகிறவன், தோட்டத்து மேஸ்திரி, எங்கள் ஊர் ஆட்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். மறுநாள் தோட்டத்துக்குப் போனால், "வாங்க கள்ளச்சாவி" என்கிறான் ஒருத்தன். இன்னொருத்தன், "எந்தப் பூட்டுக்குப் போயிட்டு வர்றீக?" என்கிறான். இன்றைக்கும் என் பேர் அதுதான். மருந்துக்காரர் என்று கேட்டால்கூட இப்போது ஒருத்தருக்கும் தெரியாது. இதனால்தான் சொல்கிறேன், முதலில் காசிமாயன்.

கூட்டம் முடிந்து வெளியே வருகிறபோது வைத்தியன் எங்கள் பக்கத்தில் வந்தான். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது போல, கையைப் பிடித்தான். "முதல்ல மருந்தை நிறுத்தணும்ணே. மத்ததெல்லாம் அப்புறம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் பவுன்தாய் கேட்டாள், "இந்தாங்க, அவரு எந்த மருந்தைச் சொன்னாரு?"

"எந்த மருந்துன்னா? நீ விடிஞ்சதும் முழுங்குறியே, அதைத்தான். நான் அடிக்கிறது கொடிக்கு. உன் வாயிலயா அடிக்கிறேன்?" என்றேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் மாத்திரை டப்பாவை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். மறுநாள் விடிந்ததும் இரண்டு டம்ளர் காப்பி. இருவரும் சேர்ந்து குடித்தோம். ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய்க்கு விளங்கியது.

வைத்தியன் சொன்ன மற்றதையெல்லாம் அவள் ஒன்று விடாமல் செய்தாள். மந்தாரைப் பட்டைக் கஷாயம், தொண்டையில் களிமண் பற்று, காலை வெயிலில் கழுத்தைக் காட்டிக்கொண்டு உட்காருவது. பாக்கெட் உப்பு வேண்டாம், இந்துப்பு. பிளாஸ்டிக் குடம், டப்பா, வாளி எல்லாம் வெளியே போனது. வீடே பழைய காலத்து வீடு மாதிரி ஆகிவிட்டது. பித்தளைக் குடத்தில் தண்ணீர் தூக்கியே அவள் இடுப்பு ஒடிந்தது. நான் தோட்டத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். மருந்து அடிக்காமல் யார் சோறு போடுவார்கள்? சட்டையைத் தொட்டியடியில் போட்டேன், அவளும் துவைத்தாள். இன்னும் ஏன் துவைக்கிறாய் என்று யாரோ கேட்டதற்கு, "வேற யாரு தொவைப்பா?" என்றாள்.

இரண்டாவது தடவை இங்கே வந்தோம், இதே பச்சைக் கேட்டு. உள்ளே நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பவுன்தாய் சொன்னாள், "மாத்திரையை நிறுத்திட்டேங்கய்யா."

வைத்தியன் நிமிர்ந்தான். "யாரு நிறுத்தச் சொன்னா?"

"நீங்கதேன். அன்னைக்கு மண்டபத்துல."

அவன் என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தான். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஒரு பொம்பிளை, "மாத்திரை இல்லாமலேயா? பரவாயில்லையே!" என்றாள். உடனே அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, நிறுத்தியாச்சுல்ல. பாப்போம்" என்றான். அப்படியே சொன்னான். பாப்போம்.

மார்கழி வந்தது. பவுன்தாய் நன்றாகத் தேறிவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். முகமெல்லாம் பூசினாற்போல் வந்தது, கை கால் உருண்டது. பார்க்கிறவர்கள்கூட, "மதினிக்கு இப்பத்தேன் உடம்புல சதை பிடிச்சிருக்கு" என்றார்கள். குளிர் அவளுக்குத் தாங்கவில்லை, வெயிலிலேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குரல் ஆம்பிளைக் குரல் மாதிரி ஆகிவிட்டது. ஒன்று கேட்டால், நான் ஒரு பீடி பற்றவைக்கிற நேரம் கழித்துத்தான் பதில் வரும். உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். அடுப்பில் சோறு தீய்ந்து வீடெல்லாம் புகை, பக்கத்திலேயே அவள் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் சத்தம் போட்டேன். போடமாட்டேனா? வெயிலில் நின்று மருந்து அடித்துவிட்டு வருகிறவனுக்குத் தீய்ந்த சோறா? "சோம்பேறி நாயே" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. கோபப்படவும் அவளுக்கு நேரம் ஆனது.

ஒரு நாள் மத்தியானம் தோட்டத்தில் இருந்து வந்தேன். தொட்டியடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நீலச் சட்டை மடியில் நனைந்து கிடக்கிறது. கூப்பிட்டேன், நிமிரவில்லை. தொட்டால் மேலெல்லாம் ஐஸ். நான் சட்டையை அவள் கையில் இருந்து எடுக்கப் பார்த்தேன், விரல் விடவில்லை.

பெட்டி ஏற்றிக்கொண்டு அந்த வழியாக வந்த காசிமாயன் வாசலிலேயே வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைத் தூக்கித் திராட்சைப் பெட்டிக்கு நடுவில் கிடத்தினான். "மாமா, ஏறுறதுன்னா ஏறுங்க, இல்லாட்டி நில்லுங்க" என்கிறான். யாரிடம் சொல்கிறான்? அவளுக்குப் புருஷன் நான். வழியெல்லாம் பெட்டி உருண்டு பழம் நசுங்கி அவள் சேலையெல்லாம் சாறு. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவன் காப்பாற்றிவிட்டானாம், ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்கள். கூட்டிக்கொண்டு போய் அந்த மண்டபத்தில் தள்ளியவனே அவன்தான், அதை ஒருத்தரும் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கத்தியது. "யாருய்யா மாத்திரையை நிறுத்தச் சொன்னது? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இவங்க தூக்கத்துலயே போயிருப்பாங்க."

"வைத்தியர்தாம்மா சொன்னாரு" என்றேன்.

பிழைத்துவிட்டாள். ரொம்ப நாள் கிடந்தாள். கண் விழித்துப் பேச ஆரம்பித்ததும் டாக்டரம்மாவிடம் அவளே கேட்டாள், மருந்துச் சட்டையைத் துவைத்ததால் இது வருமா என்று. டாக்டரம்மா சொன்னது: "வந்திருக்கவும் செய்யலாம்மா, இல்லாமலும் இருக்கலாம். இப்பப் போயி இதுதான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அந்தச் சட்டையை இனிமே தொடாதீங்க. மாத்திரையை விடாதீங்க."

"பாத்தியா, டாக்டரம்மாவே இல்லைன்னுட்டாங்க" என்றேன்.

"இருக்கலாம்னும் சொன்னாங்க" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்கு வந்த நாளில் இருந்து விடிந்ததும் மாத்திரை. எனக்குக் காப்பி போட்டு வைத்துவிடுகிறாள், பக்கத்தில் உட்காருவதில்லை. சட்டையைத் தொடுவதில்லை. மருந்துச் சட்டை என்றால் சரி, நானே ஒத்துக்கொள்கிறேன். மருந்து அடிக்கிறதைத்தான் விட்டுவிட்டேனே. முழங்கால் போய்விட்டது, அதனால் விட்டேன், அவனுக்குப் பயந்து இல்லை. இப்போது ஒரு தோட்டத்தில் காவலுக்குப் போகிறேன். வெள்ளைச் சட்டை. அதையும் தொடுவதில்லை. துணிக்கொடியில் கிடந்தால் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியால் தூக்கி வேலி மேல் போடுகிறாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். நானே துவைத்துக்கொள்கிறேன். இந்தச் சட்டை நான் துவைத்ததுதான். கொஞ்சம் இப்படி வாருங்கள், மோந்து பாருங்கள். பரவாயில்லை, கூச்சப்படாதீர்கள். ஏதாவது வாசம் இருக்கிறதா? இல்லைதானே? அவளிடம் சொன்னால், இருக்கிறது என்கிறாள்.

வைத்தியன் வீட்டுக்கு வந்தான், வராமல் இல்லை. விஷயம் தெரிந்து அவனாகவே வந்தான். விஷமில்லாமல் விளைந்தது என்று ஒரு பை நிறையத் திராட்சை. எனக்கே திராட்சை கொண்டுவருகிறான் பாருங்கள். பவுன்தாய் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா, நான் அன்னைக்கு மருந்துன்னு சொன்னது இவரு அடிக்கிற மருந்தை. உங்க மாத்திரையை இல்ல. ஆனா நீங்க வந்து நிறுத்திட்டேன்னு சொன்னப்ப, போட்டுக்குங்கன்னு சொல்லியிருக்கணும். நாலு பேரு கேக்குறாங்கன்னு சும்மா இருந்துட்டேன். அது பெரிய பாவம். என்னை மன்னிச்சிருங்க."

எனக்கு அவன் சொன்னது நியாயமாகவே படவில்லை. மருந்து என்றால் என்ன? வைத்தியன் மருந்து என்று சொன்னால் யாராக இருந்தாலும் மாத்திரையைத்தானே நினைப்பார்கள்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பவுன்தாய், "சரிங்கய்யா. எந்த மருந்துன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். எனக்கு விளங்கவில்லை. தெரிந்தால் ஏன் நிறுத்தினாளாம்? கேட்டேன். "நீங்க இதைத்தான்னு சொன்னீக, நிறுத்துனேன். நீங்க அதை நிறுத்துவீகளான்னு பாத்தேன்" என்றாள். காய்ச்சல் பேச்சு.

நான் அவனைப் பார்த்துக் கேட்டேன், "மாத்திரைக்கு மன்னிப்புக் கேட்டது இருக்கட்டும். சட்டைக்கு?"

"என்னண்ணே சட்டைக்கு?"

"சட்டையிலதான் வந்துச்சுன்னு சொன்னீரே. தங்காமப் போனதுக்கும் இருக்கலாம்னு சொன்னீரே. அதைத் திரும்ப வாங்கும். இவகிட்டச் சொல்லும். அப்புறம் அதே மண்டபத்துல, அதே ஆளுக முன்னால சொல்லும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அதுல நான் பொய் சொல்லலையேண்ணே. உறுதி இல்லைன்னு வேணா சொல்றேன். நடக்கவே இல்லைன்னு எப்பிடிச் சொல்லுவேன்? உங்க குத்தம்னு நான் சொல்லலை. எங்க குத்தம், வித்தவங்க குத்தம்."

"வித்தவன் மேடையில நின்னு கைதட்டு வாங்குறான். அடிச்சவன் கள்ளச்சாவி. அப்படித்தானே?"

அவன் பையை வைத்துவிட்டு எழுந்தான். "அந்தப் பழத்தை எடுத்துட்டுப் போரும். உம்ம மன்னிப்பும் வேணாம்" என்று பையைத் தூக்கி நீட்டினேன். பவுன்தாய் பையை என் கையில் இருந்து வாங்கி வைத்துக்கொண்டாள். அவன் போனபிறகு கழுவித் தின்றாள், ஒவ்வொன்றாக.

அன்றைக்கு வைத்த சபதம் தம்பி இது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்தப் பெஞ்சு. அவன் கேட்டைத் திறக்கிறபோது என் முகம்தான் முதலில் தெரியவேண்டும். உள்ளே போனால் சுவரில் பாருங்கள், பெரிசாக எழுதிப் போட்டிருக்கிறான்: 'டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்' என்று. மாத்திரை என்றுதான் எழுதியிருக்கிறான், மருந்து என்று எழுதவில்லை. அது என்னால் வந்த எழுத்து. அதற்காவது ஒரு நன்றி உண்டா? கிடையாது. காசிமாயனோ என் வீட்டுக்கு வருகிறான், அக்காவைப் பார்க்கிறான், என்னைப் பார்த்து, "என்ன மாமா, இன்னும் டூட்டி முடியலையா?" என்கிறான்.

போன வாரம்கூடக் கிளம்புகிறபோது பவுன்தாய் வாசலில் நின்றாள். "எங்க, அங்கதானா?"

"ஆமா. அவன் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்குற வரைக்கும் விடமாட்டேன். ஒருத்தரைச் சபையில வச்சு அப்படிச் சொல்லிட்டுச் சும்மா போயிர முடியுமா? மனுஷனுக்கு எப்படி வலிக்கும்?"

தொரட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள், "உங்கம்மா செத்து எத்தனை வருஷமாச்சு?"

பாருங்கள், நான் எதைப் பேசுகிறேன், அவள் எதைக் கேட்கிறாள். தைராய்டில் மறதி வரும், பேச்சு தடம் மாறும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறது. பாவம், இன்னும் முழுசாகத் தெளியவில்லை. நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

கேட்டுத் திறக்கிற சத்தம் கேட்கிறதா? அவன்தான். போங்கள், சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள், வரிசை சேர்ந்துவிடும். மாத்திரையை மட்டும் விடவேண்டாம் என்று சொல்லுங்கள். தம்பி, ஒரு நிமிஷம். நீங்கள் வெளியூரில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. அவன் கேட்பான். உங்கள் சட்டையை யார் துவைக்கிறார்கள் என்றும் கேட்பான்.

உள்ளே போனதும் அவனிடம் சொல்லுங்கள், வீரணன் வெளியே உட்கார்ந்திருக்கிறான் என்று. அவன் சொன்ன வார்த்தை இன்னும் என் வீட்டுக்குள்ளேதான் நிற்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். எனக்கு வரவேண்டியது அது ஒன்றுதான். வாங்காமல் நான் எழுந்திருக்க மாட்டேன். சபையில் ஒரு ஆளைச் சொன்ன வார்த்தை தம்பி, அது என்ன காற்றிலா போய்விடும்?